கிரகணத்தில் அண்ணனுடைய வேலை

எங்கள் வீட்டில் ஃபேன் ஓட வேண்டுமென்றால் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரரிடம் அல்ல, ஃபேனிடம். சுவரில் சுவிட்ச் என்று ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை ஒட்டி வைத்திருக்கிறார். நான் டிரைவிங் ஸ்கூலில் பாடம் சொல்லித் தருகிறவள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிக்கிற ஜென்மங்களிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவேன். கட்டிய தொண்டையில் "ஃபேன் போடு" என்று சொன்னால் பெட்டிக்குப் புரியாது. வியர்க்க வியர்க்க நின்றுகொண்டு சுவரிடம் கெஞ்சுவேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கிரீஸும் கையுமாக ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் இருப்பார். சாயங்காலம் குளித்துச் சட்டை மாற்றிவிட்டால் விஞ்ஞானி. தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பாதிப் பேர் மரியாதையாக, பாதிப் பேர் கிண்டலாக. எழுந்ததும் தூக்கம் எப்படி என்று நான் கேட்டால் கையில் கட்டியிருக்கிற வாட்சைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார். தரையைப் பெருக்க ஒரு வட்ட ரோபோ வாங்கினார். அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் நாலு தரம் கூப்பிட்டால்தான் வெளியே வரும், வந்தாலும் வேலை செய்யாது. அதற்கு நான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். மூலையில் ஒரு தொலைநோக்கி. சமையல் மேடையில், எனக்குச் சேர வேண்டிய இடத்தில், பிளாஸ்டிக்கை உருக்கிப் பொருள் செய்கிற ஒரு மெஷின். அது ராத்திரி பூராவும் முனகி முனகிக் காலையில் ஒரு சோப்பு டப்பாவைப் பெற்றுப் போட்டிருக்கும். கடையில் அதைவிட நல்லதாகக் கிடைக்கும்.

"தேவையா இது?" என்று நான் கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் கேட்பேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்த அந்தக் கேள்வியையே அவர்கள் இன்டர்நெட்டில் நடத்துகிற தங்கள் நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

அவர்கள் என்றால் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடு முன்னறையில் இருக்கிறார். அவரும் லிஃப்ட் மெக்கானிக்தான், தம்பிக்குத் தொழிலைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் முன்னறையில் மைக்கும் கேமராவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வந்த போனில் ஆரம்பிப்பார்கள், செவ்வாயில் தண்ணீர் இருந்ததா என்று போவார்கள், நடுவில் ஏதாவது ஒரு சினிமாவில் விண்கலம் வெடித்ததைப் பற்றிச் சண்டை வரும்.

"அங்க காத்தே கிடையாதுடா. எப்படி டமால்னு சத்தம் கேக்கும்?"

"படத்துக்குன்னு விட்டுடுங்கண்ணே. சத்தமில்லாம வெடிச்சா தியேட்டர்ல எவன் முழிச்சிருப்பான்?"

இதைக் கேட்பதற்கு ஊரில் சில நூறு பேர் இருந்தார்கள். நானும் சமையலறையிலிருந்து கேட்பேன். சும்மா சொல்லக்கூடாது, சிரிப்பாக இருக்கும். பாதி சிரிப்பு அத்தானால் வருவது.

பிறகு அத்தானுக்குக் கண்ணில் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து, ஆபரேஷன், மறுபடி சொட்டு மருந்து. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, போன வருஷம் பார்வை முழுசாகப் போய்விட்டது. கம்பெனி அவரைப் போன் மேஜையில் உட்கார வைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கிற பொத்தானை அமுக்கினால் பேசுகிற குரல் இப்போது அவருடையதுதான். அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பார். அது மட்டுமில்லை, கதவு இழுபடுகிற சத்தத்தைப் போனிலேயே கேட்டு, "ரோலர் தேஞ்சிருக்கு, புதுசு எடுத்துட்டுப் போ" என்று மெக்கானிக்கிடம் சொல்லி அனுப்புவார். தப்பினதே இல்லை.

வேலையை விடவில்லை. நிகழ்ச்சியைத்தான் விட்டுவிட்டார். "பொருளைப் பாக்க முடியாதவன் பொருளைப் பத்தி என்னடா பேசறது. நீ நடத்து" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். நான் திட்டிப் பார்த்தேன். கல்லில் நார் உரித்த கதைதான்.

நிகழ்ச்சிக்கு இரண்டாவது ஆள் வேண்டுமே. வீட்டில் மிச்சம் இருந்தது நானும் மாப்பிள்ளையும். ஆக, ஞாயிற்றுக்கிழமை என் தூக்கம் போயிற்று. கூடத்துக்கு மாற்றி வைத்த மைக் முன்னால் உட்கார்ந்து, "இந்த ஹெட்போனைப் பத்தி நீ என்ன நினைக்கிறே டீச்சர்?" என்று அவர் கேட்க, "காதுல மாட்டிக்கலாம்" என்று நான் சொல்ல, கேட்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. முன்னறைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தான் மறுபடியும் மைக் முன்னால் வந்து உட்கார வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நம்பியிருந்தது கிரகணத்தை. முழுச் சூரிய கிரகணம், எங்கள் ஊரிலிருந்து காரில் காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்தில் தெரியப்போகிறது என்று இரண்டு பேரும் பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தானுக்கு ஓரளவு கண் தெரிந்த காலத்திலேயே மொட்டை மாடியில் ஒத்திகை நடந்தது.

அந்த ஒத்திகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சூரியனை நேராகப் படம் எடுத்தால் கேமரா பொசுங்கிவிடும். அதனால் லென்ஸுக்கு முன்னால் ஒரு வடிகட்டி மாட்ட வேண்டும், பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு தாள். சூரியன் முழுதாக மறைகிற அந்தக் கணத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும், கழற்றாவிட்டால் ஒன்றுமே பதிவாகாது. வெளிச்சம் திரும்பி வருவதற்கு முன்னால் மறுபடி மாட்ட வேண்டும். அத்தான் அட்டையில் ஒரு வளையம் செய்து, அதில் தாளை ஒட்டி, பையில் வருமே வெல்க்ரோ பட்டை, அதை வைத்து லென்ஸோடு சேர்த்துக் கட்டியிருந்தார். தம்பி நேரம் பார்ப்பார், கேமராவை ஓட்டுவார். அத்தான் லென்ஸுக்கு இடது பக்கம் நிற்பார். நேரம் வந்ததும் தம்பி "அண்ணே" என்பார். அத்தான் சர்ர் என்று பட்டையைக் கிழித்து வடிகட்டியை எடுத்துவிடுவார். அண்ணே, சர்ர். அண்ணே, சர்ர். கீழே துணி மடித்துக்கொண்டிருக்கிற எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கும்.

ஒரு சட்டமும் போட்டிருந்தார்கள். கிரகணம் நடக்கும்போது கேமராவின் ஸ்கிரீனை யாரும் பார்க்கக் கூடாது. "வானத்துல நடக்கறதை விட்டுட்டுப் பெட்டியைப் பாக்கறவன் மடையன். அது பாட்டுக்கு ஓடட்டும், நாம மேல பாப்போம்" என்பார் அத்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் கடைசியாக ஒரு தடவை கேட்டார். "வாங்கண்ணே. சும்மா கூட வந்து நில்லுங்க."

அத்தான் சிரித்தார். "எனக்குத்தான் தினம் கிரகணமா இருக்கே. பெட்ரோல் போட்டுக்கிட்டு வேற போய்ப் பாக்கணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் தமாஷாகத்தான் சொன்னார், ஆனால் தம்பியின் முகம் போன போக்கை அவர் பார்க்கவில்லை.

அப்படியும் என் வீட்டுக்காரர் நம்பிக்கையை விடவில்லை. காலையில் நான் காரை வெளியே எடுத்த பிறகும் பின் சீட்டில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டுத்தான் சாமான்களை அடுக்கினார். கிரகணக் கண்ணாடி மூன்று எடுத்துக்கொண்டார். கதவுப் பக்கம் பார்த்தபடியே ஷூ லேஸ் கட்டினார். கடைசியில் நான்தான் ஹாரன் அடித்தேன்.

அங்கே ஒரு பெரிய மைதானம். ஜனம் திருவிழா மாதிரி நிறைந்திருந்தது. கார்களும் முக்காலிகளும், பாயை விரித்துப் படுத்திருக்கிற குடும்பங்களும். என் வீட்டுக்காரர் கேமராவை நிறுத்தி, மைக்கை மாட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விரலை நனைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்தார். அவ்வளவு பக்குவமாக அவர் எங்கள் கல்யாணத்தில்கூட நடந்துகொண்டதில்லை. நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன்.

நிலா சூரியனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், சரி, இதற்குத்தானா இவ்வளவு என்று நினைத்தேன். திடீரென்று வெயிலில் சூடு இல்லை. மைதானம் முழுக்க ஒரு மாதிரி சாம்பல் வெளிச்சம். எங்கேயோ நாய் குரைத்துக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுவிட்டது. அப்புறம் யாரோ பொத்தானை அமுக்கின மாதிரி ஒரேயடியாக இருட்டு.

என் வீட்டுக்காரர் "அண்ணே" என்று கத்தினார்.

பயந்தால் சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள், சிலர் அம்மாவை. இவர் அண்ணனைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுக்கு மேல் எனக்கு நினைப்பு ஓடவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னென்னவோ உளறினேன். அவரும் உளறினார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜனம் கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமரா பக்கம் போனார். வடிகட்டியை மறுபடி மாட்டுவதற்காகக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். அது லென்ஸின் மேல் ஒழுங்காக, இறுக்கமாக, பட்டை கட்டியபடி இருந்தது.

படத்தில் முழுக் கிரகணமும் கறுப்பு. ஓட்டி ஓட்டிப் பார்த்தார். தொடக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று, பிறகு ஒன்றுமில்லை, பிறகு அந்தப் பக்கம் ஒரு கீற்று. பக்கத்தில் பாயில் படுத்திருந்தவர்கள் எல்லோருடைய போனிலும் கிரகணம் இருந்தது. விஞ்ஞானியின் கேமராவில் மட்டும் இல்லை.

"கோட்டை விட்டுட்டேன்" என்றார். அதற்கப்புறம் பாதி தூரம் வரை கேமராவை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த மூஞ்சியைப் பார்த்தால் திட்ட வரவில்லை.

"அண்ணன்கிட்ட நல்லா வந்திருக்குன்னு சொல்லிடறேன்" என்றார் திடீரென்று. "அவர் என்ன பாக்கவா போறார்?"

நான் ஓரமாகக் காரை நிறுத்தினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும்.

"மறுபடி சொல்லுங்க. இப்ப என்ன சொன்னீங்க?"

"தப்பா எடுத்துக்காதே டீச்சர். அந்த வடிகட்டி அவர் வேலை. நான் எல்லாத்தையும் யோசிச்சேன், அதை மட்டும் யோசிக்கவே இல்ல. அது எப்பவுமே அவர் கையிலதான் இருந்தது. இதைச் சொன்னா, தான் வராததாலதான் போச்சுன்னு அவர் நினைப்பார். இருக்கற பாரம் போதாதா அவருக்கு?"

வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே அத்தான் முன்னறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். காத்துக்கொண்டிருக்கவில்லை என்று காட்டுவதற்காக ரேடியோவை ஓடவிட்டிருந்தார். எனக்கா தெரியாது?

"எப்படிடா வந்தது?"

"பிரமாதமா வந்திருக்குண்ணே. சுத்தி அந்த வெளிச்சம் எல்லாம் அப்படியே துல்லியமா விழுந்திருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் அதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், கண் தெரியாத மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. நான் கார் சாவியை ஆணியில் மாட்டப் போனேன்.

"சரி, போடு. சத்தத்தையாவது கேக்கறேன்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போட்டார். டிவியில் அந்த ஆரஞ்சுக் கீற்று வந்தது. அத்தான் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேட்டார், போன் மேஜையில் கேட்பாரே அதே மாதிரி. ஜனங்களின் பேச்சு. நாய். நாய் நின்றது. என் வீட்டுக்காரரின் குரல், "அண்ணே" என்று. அப்புறம் மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு. நான் உளறுவது, "ஐயோ என்னங்க இது, ஐயோ, நடுவுல ஒண்ணுமே இல்லையே" என்று. டிவி கன்னங்கரேலென்று இருந்தது. முடிகிற வரைக்கும் அத்தான் அசையவில்லை.

"பின்னால கொண்டு போ" என்றார். "நீ கூப்பிடற இடத்துக்கு."

மறுபடி போட்டார். அண்ணே. பெருமூச்சு.

"இன்னொரு தடவை."

அண்ணே. பெருமூச்சு.

"சர்ர் எங்கடா?" என்றார் அத்தான்.

கட்டிலுக்கு அடியில் மாப்பிள்ளை மட்டும் முனகியது.

"வடிகட்டியைக் கழட்டவே இல்லையா நீ? படம் பூரா கறுப்பா?"

"ஆமாண்ணே."

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பில்லை, தொடையில் அடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். இந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "பல வருஷமா பிளான் போட்டு, ஊரு உலகத்துல இருக்கற மெஷினை எல்லாம் தூக்கிக்கிட்டுப் போய், ஒரு அட்டையைக் கழட்டத் தெரியலையே விஞ்ஞானிக்கு" என்றார். என் வீட்டுக்காரரும் சிரித்தார், மூக்கு ஒழுகச் சிரித்தார். பிறகு அத்தான் சிரிப்பை நிறுத்தினார்.

"என்னைக் கூப்பிட்டிருக்கே நீ. நான் அங்க இல்லை."

"விடுங்கண்ணே."

"என்ன விடறது? அந்த வேலைக்குக் கண்ணு எதுக்குடா? நீ கூப்பிட்டா கிழிக்கணும். காதும் கையும் போதும். அதுகூடத் தோணாம இங்க உக்காந்திருக்கேன் பாரு." தம்பியின் தோளைத் தேடிப் பிடித்தார். "இன்னொண்ணு. என்கிட்டப் பொய் சொல்லாதே. கண்ணு போனதைவிட அது மோசமா இருக்கு."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நடுவுல ஒண்ணுமே இல்லைன்னு கத்தறியே. என்னம்மா பாத்தே? ஒழுங்கா சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். பொட்டு மாதிரி கறுப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பஞ்சைப் பிய்த்து இழுத்த மாதிரி வெள்ளை வெளிச்சம். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகவா என்று கேட்டார். இல்லை அத்தான், இரண்டு பக்கம் நீளம், மேலே கீழே குட்டை என்றேன். ஓரத்தில் சிவப்பாக ஏதாவது தெரிந்ததா என்றார். கீழே மிளகு அளவு ஒன்று இருந்தது என்றேன். "பாத்தியாடா, கவனிச்சிருக்கா" என்றார் தம்பியிடம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அன்றைக்கு நான் பார்த்ததை நான் முழுசாகப் பார்த்தது அப்போதுதான்.

"மைக்கைப் போட்டிருந்தா இது அப்படியே நிகழ்ச்சிக்கு ஆகியிருக்கும்" என்றார் கடைசியில். "சரி, ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை சொல்லலாம். கறுப்புப் படத்தையே போடு. பாக்கறவனும் என்னை மாதிரி காதால கேக்கட்டும். ஏம்மா, நீ ஒரு ஓரமா உக்காந்துக்கோ, என் நாற்காலியைக் குடுத்துடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தாராளமா எடுத்துக்குங்க, எனக்குத் தூக்கமாவது மிஞ்சும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அடுத்த கிரகணம் எப்படா?"

"இந்தப் பக்கம் இப்போதைக்கு இல்லண்ணே. கடல் தாண்டிப் போகணும். வருஷக்கணக்காகும்."

"ஆகட்டும். அதுக்குள்ள உனக்குக் கொஞ்சம் புத்தி வரும். கேமராவை எடுத்துட்டு வா."

சாப்பாட்டு மேஜையின் மேல் தட்டுகளை நகர்த்திவிட்டு முக்காலியை நிறுத்தினார்கள். அத்தான் எழுந்து, மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து, லென்ஸின் இடது பக்கம் நின்றார். விரலால் வளையத்தைத் தொட்டுப் பார்த்தார், பட்டையின் நுனியைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். நான் ரேடியோவை நிறுத்தினேன்.

"ம், கூப்பிடு" என்றார்.

என் வீட்டுக்காரர் "அண்ணே" என்றார். குரல் கட்டிப்போயிருந்தது, பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்தக் குரலில் கேட்டிருந்தால் எங்கள் வீட்டு ஃபேன் நிச்சயமாக ஓடியிருக்காது. அத்தான் சர்ர் என்று கிழித்தார்.